வேதாளம் ஏறிய மரம்

இந்நாளில் புனே என்று எழுதப்படும் ஊரை நம்மவருள் பெரியவர்கள் பூனா என்றே சொல்லிப் பழகியவர்கள். நாமும் இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவோம். அந்நகரின் மேற்கே, கோத்ரூடுக்கும் பாஷாணுக்கும் நடுவில், நகர எல்லைக்குட்பட்ட குன்றுகள் அனைத்திலும் உயரமான குன்று ஒன்று நீண்டு கிடக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 800 மீட்டர் உயரம். அதன் பெயர் வேதாள் டேக்டி. டேக்டி என்றால் மராட்டியில் குன்று. வேதாள் யார் என்பதைத் தமிழ் வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விக்கிரமாதித்த மகாராஜாவின் தோளில் ஏறிக்கொண்டு, கதை சொல்லிக் கேள்வி கேட்டு, பதில் வந்ததும் மறுபடி மரத்தில் போய்த் தொங்கிற்றே, அந்த வேதாளம்தான் இங்கே குன்றின் உச்சியில் கோயில் கொண்டிருக்கிறது.

இதைப் பற்றி இப்போது எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நமது சங்கத்தின் ஆண்டு மலருக்காகச் சிறுவர் சிறுமியரிடம் மாயக் கதைகள் கேட்டிருந்தோம். பதினொரு கதைகள் வந்தன. அவற்றுள் ஒன்பதில் பனி பெய்தது. கோட்டை கொத்தளங்கள், நெருப்பைக் கக்கிப் பறக்கும் பாம்புகள், வெள்ளைத் தாடி மந்திரவாதிகள் யாவும் இருந்தன. எழுதியவர்களோ பூனாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். ஆலங்கட்டியைத் தவிர வானத்திலிருந்து வேறெதுவும் வெண்மையாக விழக் கண்டவர்களல்லர். உழைத்து எழுதப்பட்ட கதைகளாதலால் குறை கூற மனம் வரவில்லை. ஆயினும் ஒரு சிறுமியை அழைத்து, "ஏனம்மா, இந்தக் கதை நடப்பது எந்த ஊரில்?" என்று கேட்டோம்.

"எந்த ஊரும் இல்லை, மாமா. பாட்டி ஊர் எனக்குத் தெரியாது. லீவுக்கு இரண்டு தடவை போனதோடு சரி. இந்த ஊர்க் கதையெல்லாம் என்னோடு படிக்கிற மராட்டிப் பிள்ளைகளுடையது. அதனால் யாருக்கும் சொந்தமில்லாத ஊராகப் பார்த்து எழுதினேன்" என்றாள்.

பதினான்கு வயதுப் பெண். அந்தப் பதில் நம்மை வெகுநாள் உறுத்திக்கொண்டிருந்தது. பிழைப்பை நாடி வந்த குடும்பத்தின் குழந்தைக்குக் கற்பனையிலும் குடியிருக்க இடமில்லையென்றால் அது அற்பமான குறையாகாது. நாம் எழுத்தாளரல்லோம், மெட்ரிகுலேஷன் தேறி ரயில்வேயில் குமாஸ்தாவாக அமர்ந்தவர். பணி முறை மாறும் நாட்களில் பகலில் தூக்கம் வராதபோது ஏதோ கிறுக்குகிற வழக்கமுண்டு, அவ்வளவே. இருந்தாலும் பூனாவின் மாயக் கதைகள் யாருக்குச் சொந்தம் என்பதை ஊரைச் சுற்றிப் பார்த்தே தெரிந்துகொள்வோம் என்று புறப்பட்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இல்லத்தாரோடு வேதாள் டேக்டி ஏறினோம். சட்டக் கல்லூரிச் சாலைப் பக்கமாக ஏறும் பாதை அது. கல் வெட்டியெடுத்த பின் கைவிடப்பட்ட பெரும் பள்ளமொன்று வழியிலிருக்கிறது. மழைக்காலத்துக்குப் பின் அதில் நீர் தேங்கி நிற்கும். அதிகாலையில் சென்றால் மயில்கள் அகவுவதைக் கேட்கலாம். நடைப் பயிற்சிக்கு வரும் முதியோரும், நாய்களை அழைத்துவரும் இளைஞரும் நிறைய. இக்குன்றை ஊடுருவிச் சாலையும் சுரங்கப் பாதையும் போடும் திட்டத்தை எதிர்த்து 2023-ஆம் ஆண்டில் நகர மக்கள் திரண்டு ஊர்வலம் சென்றதுண்டு. உச்சியை அடைந்ததும் நம் இளைய மகன், வயது ஆறு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, முருங்கை மரம் எங்கே?"

முருங்கை மரம் இல்லை. வனத்துறையார் நட்டு வளர்த்த கிளைரிசிடியா மரங்களும் முட்புதர்களும் காய்ந்த புல்லும்தாம் இருந்தன. பையனுக்கு ஏமாற்றம். மரமில்லாத இடத்தில் வேதாளம் எப்படி இருக்கும் என்பது அவனுடைய வாதம்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். வடமொழிக் கதையில் வேதாளம் தொங்குவது சிம்சபா என்னும் மரத்தில். அது தமிழுக்கு வந்தபோதுதான் முருங்கையாயிற்று. அந்த மாற்றத்தைச் செய்த கதைசொல்லி யாரென்று எங்கும் எழுதிவைக்கவில்லை. ஆனால் காரியம் தெரிந்தவர். சிம்சபா மரத்தை எந்தக் குழந்தை கண்டது? முருங்கையோ கொல்லைப்புறத்தில் நிற்பது. பகலில் அதன் கீரையும் காயும் குழம்புக்கு வரும். கிளை பலமற்றது, ஏறினால் ஒடியுமென்று அம்மா அதட்டுவாள். காற்றடிக்கும் இரவில் அதே மரம் கிணற்றடியில் தலைவிரித்து ஆடும்போது, அதில் ஏதோ தொங்குகிறது என்று ஒருவர் சொன்னால் போதும். மறுப்பதற்கு எந்தப் பிள்ளைக்கும் துணிவு வராது. வடக்கேயிருந்து வந்த வேதாளம் தமிழ்நாட்டுக் கொல்லையில் இவ்வாறு குடியேறியது. குடியேறிய பின் பழமொழியிலும் ஏறிக்கொண்டது. இன்று அதை அயலூர்ப் பிராணி என்று எவரும் சொல்லார். நம்மைப் போல் அதுவும் இடம் மாறி வந்ததுதான். ஆனால் வந்த ஊரின் மரத்தில் ஏறத் தயங்கவில்லை.

மராட்டிய நாட்டிலோ வேதாளத்துக்கு இன்னும் ஒருபடி மேலான வாழ்வு கிடைத்தது. கொங்கணக் கரையில் சிந்துதுர்க் மாவட்டத்து ஆரவலி என்னும் ஊரில் வேதாளத்தை வேதோபா என்று கொண்டாடுகிறார்கள். வேதோபா இரவில் ஊரைச் சுற்றிக் காவல் நடந்து வருவாராம். நடந்தால் செருப்புத் தேயுமன்றோ? ஆகவே பக்தர்கள் பெரிய பெரிய தோற்செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். தெய்வம் நடக்கிறது என்று சொன்னதோடு நில்லாமல், செருப்புத் தேயும் என்று கணக்குப் பார்த்தார்களே, மாயக் கதையின் உயிர் அந்தக் கணக்கில் இருக்கிறது என்பது நம் கருத்து. பனிக்கோட்டைக் கதைகளில் நாம் தேடிக் காணாததும் அதுவே. அங்கே மந்திரவாதியின் செருப்புத் தேய்வதேயில்லை.

இனி, கதைகளின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். அதுவும் தொலைவில் இல்லை. வேதாளக் கதைகள் இருபத்தைந்தும் இடம்பெற்ற கதாசரித்சாகரம் என்னும் வடமொழி நூலைக் காஷ்மீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் இயற்றினார். அதற்கு மூலம் குணாட்டியர் என்பவரின் பிருகத்கதை. குணாட்டியர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பிரதிஷ்டானம் இன்றைய பைட்டண். கோதாவரிக் கரையில், பூனாவுக்கு வடகிழக்கே மராட்டிய மாநிலத்திலேயே உள்ளது. அவர் அந்த நூலை எழுத நேர்ந்த வரலாறு ஓர் எழுத்துப் புணர்ச்சியில் தொடங்குகிறது. சாதவாகன மன்னன் தன் தேவியரோடு நீர் விளையாடுகையில் ஓர் அரசி, "மோதகை:" என்றாளாம். தண்ணீரால் என்னை அடிக்காதே என்பது அவள் கருத்து. மா, உதகை: என்னும் இரு சொற்கள் சேர்ந்து அப்படி ஒலித்தன. இலக்கணமறியாத மன்னன் மோதகங்களைக் கொண்டுவரச் செய்தான்! கொழுக்கட்டைத் தட்டுகள் குளக்கரைக்கு வந்து இறங்கியதும் அரசி சிரித்தாள். மன்னன் வெட்கி, வடமொழி கற்றே தீருவேன் என்று படுத்துவிட்டான். கணேசர் உற்சவத்தில் மோதகம் மலைபோலக் குவியும் பூனாவாசிகளுக்கு இந்த இடர்ப்பாடு நன்றாக விளங்கும்.

மன்னனுக்கு இலக்கணம் கற்பிக்க ஆறு ஆண்டுகளாகும் என்றார் குணாட்டியர். ஆறே மாதத்தில் கற்பிப்பேன் என்றார் மற்றோர் அமைச்சர் சர்வவர்மர். அப்படி நடந்தால் வடமொழி, பிராகிருதம், நாட்டு மொழி மூன்றையும் துறப்பேன் என்று சபதம் செய்து, தோற்று, வாய் பேசாமல் காடேகினார் குணாட்டியர். அங்கே பிசாசுகளின் மொழியைக் கற்று, அம்மொழியிலேயே ஏழு லட்சம் செய்யுளில் கதை எழுதினார். மையில்லாமையால் தம் குருதியைத் தொட்டு எழுதினார். பேய்மொழி நூலென்று மன்னன் ஏற்க மறுத்தான். மனமுடைந்த புலவர் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் படித்துக் காட்டி நெருப்பிலிட்டார். அவை மேய்ச்சலை மறந்து கண்ணீர் மல்கக் கேட்டு நின்றன. மேயாத விலங்கின் இறைச்சி உலர்ந்துபோய் மன்னனின் உணவு கெட்டது. அதன் காரணத்தை விசாரித்துக்கொண்டே அவன் காட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு லட்சம் செய்யுளே எஞ்சியிருந்தது.

இது நடந்ததா என்று கேட்பார்க்கு நம்மிடம் பதிலில்லை. ஆனால் மொழி இழந்தவனுடைய கதையாதலின் நம் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிலும் நெருங்கிய கதை வேறில்லை. வீட்டில் பாதித் தமிழ், தெருவில் மராட்டி, பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் என்று வளரும் பிள்ளை, எந்த மொழியும் முழுதாகத் தன்னுடையதில்லை என்று எண்ணி எழுத அஞ்சுகிறது. குணாட்டியருக்கு மிஞ்சியது பேய்மொழி ஒன்றுதான், அதில் எழுதினார். அந்தப் பேய்மொழிக் கதை தமிழ்வரையில் வந்து சேர்ந்தது. கொங்குவேளிர் பாடிய பெருங்கதை அந்த மரபைச் சேர்ந்ததே. உ. வே. சாமிநாதையர் அதை 1924-ஆம் ஆண்டில் அச்சேற்றினார். அதிலும் தொடக்கமும் முடிவும் கிடைக்கவில்லை. ஏடுகளை நெருப்பு தின்றாலும் கறையான் தின்றாலும் நடுவிலே மிஞ்சியது நம்முடைய பங்கு. பைட்டணில் பிறந்த கதையை இது மராட்டியப் பிள்ளைகளுடையது என்று ஒதுங்கி நிற்க நமக்கு உரிமையில்லை.

பழங்காலத்தை விட்டு அண்மைக்கு வந்தாலும் பூனாவில் ஒரு தமிழரைச் சந்திக்கிறோம். சொ. விருத்தாசலம் என்னும் புதுமைப்பித்தனே அவர். பேயும் பிரம்ம ராக்ஷசும் அவர் கதைகளில் வீட்டு மனிதர் போல் நடமாடுவார்கள். 'வேதாளம் சொன்ன கதை' என்ற தலைப்பிலேயே ஒரு கதை எழுதியிருக்கிறார். எனினும் எழுதத் தொடங்குவோர் முதலில் படிக்க வேண்டியது 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்'. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுமிடத்தில், டிராமுக்கும் வெற்றிலைக்குமாகக் காசுக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறார் கந்தசாமிப் பிள்ளை. ஒருவர் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்தவர் கடவுள். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மெய். சந்தி மெய், டிராம் மெய், காபி ஹோட்டல் மெய். பிள்ளையவர்கள் கடவுளைக் கண்டு மயங்கி விழாமல், தாம் நடத்தும் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கட்ட வைத்துவிடுகிறார். பத்திரிகைக்குச் சந்தா வசூலித்த அனுபவமுள்ள நம் சங்கத்தார் எவருக்கும் இதைவிடப் பெரிய அற்புதம் தோன்றாது.

இத்தகைய எழுத்தாளர், தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு வசனம் எழுதுவதற்காகப் பூனாவுக்கு வந்து தங்கினார். இங்கே இருக்கையில்தான் காசநோய் அவரை வீழ்த்தியது. 1948-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்தில் காலமானார், வயது 42. அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் நூலாயின. நோயும் வறுமையும் இன்னும் சிலகாலம் பொறுத்திருந்தால் லட்சுமி ரோட்டில் ஒரு கந்தசாமிப் பிள்ளை நின்றிருப்பார். மோதகம் வாங்கிக்கொண்டு கணபதியே அவரிடம் வழி கேட்டிருப்பார். அந்த இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது.

லட்சுமி ரோட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் சனிவார் வாடா. பேஷ்வாக்களின் அரண்மனை. 1730-இல் அடிக்கல் நாட்டி 1732-இல் குடிபுகுந்தார்கள். 1828-இல் தீப்பற்றி எரிந்தது. யானைகள் முட்டித் திறக்காதவாறு கூரிய இரும்பு முட்கள் பதித்த தில்லி வாயிற்கதவு இன்றும் நிற்கிறது. 1773 ஆகஸ்டு 30-ஆம் தேதி இங்கேதான் பதினெட்டு வயதுப் பேஷ்வா நாராயண ராவ் கொலையுண்டார். "காகா, என்னைக் காப்பாற்று" என்று அவர் சிற்றப்பாவை நோக்கி ஓடிய ஓலம் பௌர்ணமி இரவில் கேட்பதாகச் சொல்லும் பேச்சை இவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் அனைவரும் அறிவர். நமக்கு அந்த ஓலத்தைவிட அதன் முன்கதை வியப்பானது. சிற்றப்பா இரகுநாத ராவ் எழுதிய உத்தரவில் 'தராவே' என்றிருந்ததாம். பிடிக்க என்று பொருள். அவர் மனைவி ஆனந்திபாய் ஓரெழுத்தைத் திருத்தி 'மாராவே' என்றாக்கினாளாம். கொல்க என்று பொருள். வழிவழியாக வரும் செய்தி. 'த'வை 'மா' ஆக்குதல் என்பது மராட்டியில் இன்றும் வழக்கிலுள்ள சொற்றொடர். ஓரெழுத்து மாறியது, ஓர் அரசின் போக்கே மாறியது.

அதே வித்தையைக் கதையில் செய்து காட்டியவர் இந்நகரில் வாழ்ந்து 2025 மே மாதம் மறைந்த ஜயந்த் நார்லீகர். கேம்பிரிட்ஜில் பிரெட் ஹாய்லிடம் பயின்ற வானியல் அறிஞர். 1988-இல் பூனாப் பல்கலைக்கழக வளாகத்தில் தோன்றிய வானியல் ஆய்வு மையத்தை நிறுவியவர். அவர் கதை எழுதத் தொடங்கிய விதம் புதிதாக எழுத வருவோருக்குத் தைரியம் தரும். அகமதாபாத்தில் ஒரு கருத்தரங்கில் சுவையற்ற சொற்பொழிவொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த தாள்களிலேயே கதையை ஆரம்பித்துவிட்டார். மராட்டி விஞ்ஞானப் பரிஷத்தின் போட்டிக்கு 1974-இல் அதை அனுப்புகையில், தம் பெயருக்காகப் பரிசு வரலாகாதென்று, தம் பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி நாராயண் விநாயக் ஜக்தாப் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். கையெழுத்தைக் கண்டு பிடித்துவிடுவார்களே என்று மனைவியைக் கொண்டு பிரதி எடுக்கச் செய்தார். முதற்பரிசு வந்தது.

அவருடைய கதைகளில் ரயில்வேக்காரர் மறக்க முடியாதது கங்காதர பந்தின் பானிபட்டுக் கதை. மத்தியக் கல்வித் திட்டத்தின் பதினோராம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்றதாகையால் நம் பிள்ளைகள் சிலர் தேர்வுக்காகப் படித்திருப்பார்கள். தேர்வுக்காகப் படித்ததை மறந்தும் இருப்பார்கள். 1761 ஜனவரி 14-இல் நடந்த மூன்றாம் பானிபட்டுப் போரில் பேஷ்வாவின் மகன் விசுவாச ராவ் குண்டடிபட்டு இறந்தார், மராட்டியர் தோற்றனர். அந்தக் குண்டு காதோரமாக உரசிச் சென்றிருந்தால்? பூனாவில் சரித்திரப் பேராசிரியரான கங்காதர பந்த் ஒரு விபத்துக்குப்பின் கண் விழித்தபோது, குண்டு தவறிய உலகத்தில் இருக்கிறார். மராட்டியர் வென்ற நாடு அது. கிழக்கிந்தியக் கம்பெனி பம்பாய், கல்கத்தா, சென்னைப் பக்கங்களில் மட்டும் ஒடுங்கிக் கிடக்கிறது.

அவர் பூனாவிலிருந்து பம்பாய்க்கு ஏறும் வண்டியின் பெயர் ஜீஜாமாதா எக்ஸ்பிரஸ். டெக்கான் குயினைவிட வேகம். லோணாவளாவை நாற்பது நிமிடத்தில் தொடுகிறது. தொழில் காரணமாக நாம் உடனே கணக்குப் பார்த்தோம். பூனாவிலிருந்து லோணாவளா 64 கிலோமீட்டர்; ஆக மணிக்கு 96 கிலோமீட்டர் சராசரி. 1930-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியன்று ஓடத் தொடங்கிய நம்முடைய டெக்கான் குயினுக்கு இதே தூரம் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். வேறொரு சரித்திரத்தில் வேறொரு ரயில்வே. வேகம் கூடியிருப்பதில் தடையில்லை. ஆனால் லோணாவளாவைத் தாண்டியதும் மலைப்பாதை மட்டும் பேராசிரியர் தாம் அறிந்தபடியே இருக்கக் காண்கிறார். ஆம், இருக்கத்தான் வேண்டும். எந்தப் பேஷ்வா வென்றாலும் போர் காட் மலை இறங்கி வழிவிடாது. 1863-இல் திறந்த அந்தப் பாதையில் முப்பத்தேழு அடிக்கு ஓரடி ஏற்றம். மேலே ஏறும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ளும் எஞ்சின்களைப் பூட்டியே அனுப்புகிறார்கள். சரித்திரத்தை மாற்றிய ஆசிரியர் மலையை மாற்றவில்லை. அதனால்தான் நாம் வண்டியை நம்புகிறோம். வண்டியை நம்பியதால் குண்டு தவறியதையும் நம்பிவிடுகிறோம்.

இதையெல்லாம் சங்கத்தில் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தபோது மூத்த அன்பர் ஒருவர், "மாயமும் மந்திரமும் எழுதச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள், தம்பி. கணக்குப் போடட்டும்" என்று கடிந்துகொண்டார். கணக்கில் நார்லீகரைத் தாண்டிய பிள்ளை நம் சங்கத்தில் இன்னும் பிறக்கவில்லை என்று பணிவுடன் தெரிவித்தோம். அந்தப் பெரிய மனிதரிடம் சிறுவர்கள் கையெழுத்துக் கேட்டால், ஒரு கேள்வியை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பு, பதிலோடு கையெழுத்தும் வரும் என்பாராம். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்குக் கதையும் வரும், கணக்கும் வரும். அன்பர் சமாதானமானாரா என்பது வேறு, காபி குடித்தார்.

எழுதத் தொடங்குவது எப்படி என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். நல்ல நோட்டும் தனி அறையும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவர்கள் அப்படியே காத்திருப்பார்கள். ஆங்கிலத்தில் டோல்கீன் என்னும் பேராசிரியர், தேர்வுத் தாள் திருத்திக் களைத்துப் போயிருந்த வேளையில், ஒரு மாணவன் வெறுமையாக விட்டிருந்த பக்கத்தில், குழியில் வாழும் ஒரு சிற்றுயிரைப் பற்றி ஒரே வாக்கியம் எழுதினார். அந்த உயிர் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கும் முயற்சி 1937-இல் நூலாக வந்தது. ஒரு வாக்கியம் போதும். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பின் வருவதெல்லாம் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். வேதாளம் பேசும் என்று வைத்தால், அரசன் வாய் திறந்தால் அது ஓடிவிடும் என்ற விதியும் உண்டு. அந்த விதியை ஓரிடத்தில் மறந்தால் இருபத்தைந்து கதையும் பாழ்.

தமிழில் எழுத வராத பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிப் பெரியவர்கள் எழுதிக்கொள்ளலாம் என்பது நம் யோசனை. முற்கூறிய சிறுமியின் வீட்டில் அவ்வாறே செய்தார்கள். முருங்கை மரத்தின் வரலாற்றைக் கேட்ட பிறகு அவள் புதிதாக ஒரு கதை சொன்னாள், தாயார் எழுதினார். வேதாள் டேக்டியில் சாலை போட வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட வேதாளம், மூட்டை முடிச்சோடு இறங்கி வந்து அவர்கள் குடியிருப்பு வாசலிலுள்ள குல்மோகர் மரத்தில் ஏறிக்கொள்கிறது. வருவோர் போவோரை மராட்டியில் கேள்வி கேட்கிறது. அவளுடைய பாட்டி ஊரிலிருந்து வந்திருக்கிறார், மராட்டி தெரியாது. ஆகவே பதில் சொல்லாமல் மௌனமாக நடந்து, வேதாளத்தைத் தோளில் சுமந்து மாடிவரை கொண்டுவந்து விடுகிறார்! விக்கிரமாதித்தனால் இருபத்துநான்கு முறை முடியாதது, மொழி தெரியாத பாட்டியால் முதல் முறையிலேயே முடிந்தது. இதில் பனி பெய்யவில்லை. மலரில் அச்சாகிறது, நடுநடுவே மராட்டிச் சொற்கள் வருவதைத் திருத்த வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாமும் ஒன்று தொடங்கியிருக்கிறோம். சென்னைக்குச் செல்லும் நம்மவர் தௌண்டு, பிக்வண், சோலாப்பூர் வழியாகத்தான் போய் வருகிறோம். பீமா நதியை மறித்து 1980-இல் எழுந்த உஜனி அணையின் நீர்ப்பரப்பு பிக்வண் அருகே விரிகிறது. பனிக்காலத்தில் அந்நீர்ப்பரப்புக்குப் பூநாரைகள் கூட்டமாக வரும். அணை நீரில் பளஸ்தேவ் என்னும் ஊரின் பழைய கோயிலும் மூழ்கியது. நீர் மிகவும் வற்றும் கோடைகளில் அதன் கோபுரமும் தூண்களும் வெளியே தெரியும், மழை வந்ததும் மறையும். நம் கதையில், ஒரு மே மாதத்து நள்ளிரவில், நனைந்த வேட்டியோடு ஒரு கிழவர் டிக்கெட் கவுண்டருக்கு வந்து, மூழ்கிப்போன ஊருக்குச் சீட்டுக் கேட்கிறார். கிழவர் மட்டுமே மாயம். கவுண்டர், கம்ப்யூட்டர், வரிசையில் பின்னால் நின்று முணுமுணுக்கும் பிரயாணி எல்லாம் மெய். அந்த ஊருக்கு ஸ்டேஷன் இல்லை. கம்ப்யூட்டரில் பெயரும் இல்லை. குமாஸ்தா விதிப்படி என்ன செய்வான்? பக்கத்து ஸ்டேஷன் வரை கட்டணம் வாங்கலாமா? தண்ணீருக்குள் செல்லும் மிச்ச தூரத்துக்கு எந்த அட்டவணை?

இரண்டு பக்கம் எழுதி நிறுத்தியிருந்ததை இல்லத்தாள் படித்துப் பார்த்தாள். ரயில்வே வீட்டில் பதினொரு ஆண்டு குடித்தனம் செய்தவள். நோட்டை மூடிக் கையில் கொடுத்துவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். அவர் கேட்டது போக மட்டுமா, போகவரவா?" என்றாள்.